இடுப்பிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து

1. செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குத் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் என் முறை வந்தது. பழைய எஸ்.எம்.ஜி. துப்பாக்கி, இருபது தோட்டா. பத்து இடுப்பிலிருந்து, பத்து தோளிலிருந்து. இரண்டிலும் ஆறு ஆறு பட்டால் தேர்ச்சி.

2. இடுப்பிலிருந்து சுட்டேன். நான்காவது தோட்டாவில் துப்பாக்கி அடைத்துக்கொண்டது. சரிசெய்து தொடர்ந்தேன். ஏழாவதில் மறுபடி அடைத்துக்கொண்டது. நேரம் முடிந்துவிட்டது. பலகையில் பட்டவை இரண்டு.

3. தோளிலிருந்து சுட்டேன். அடைப்பு இல்லை. பட்டவை ஒன்பது.

4. ரேஞ்சுக்குப் பொறுப்பான சார்ஜன் பதிவேட்டில் என் எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்.

5. எனக்குப் பின்னால் நின்ற தோழி அதே துப்பாக்கியையும் அதே மகசினையும் வாங்கி, இடுப்பிலிருந்து பத்தும் சுட்டாள். ஒருமுறைகூட அடைக்கவில்லை.

6. மறுபரீட்சை பதினாறு நாள் கழித்து என்று சொன்னார்கள்.

இதில் என்னை உறுத்தியது ஐந்தாவது. அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் துப்பாக்கி பழசு என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

நான் டிக்கோயாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திர வேலை படித்தேன். கடைசல் இயந்திரம், துளையிடும் இயந்திரம், அளவுக் கருவிகள் என்று இரண்டு வருடம். பிறகு பொலிஸில் சேர்ந்தேன். நேர்முகத்தில் என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தவர்கள், ஆயுதசாலையில் பழுது பார்க்க ஆள் தேவை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். வேலைக்கு வந்த முதல் நாள், நிலையத்தில் தமிழ் தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்று தெரிந்ததும், முறைப்பாட்டு மேசையில் உட்கார வைத்தார்கள். மூன்று வருடம் அங்கேயே இருந்தேன். தோட்டத்துப் பெண்கள் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் எழுதுவதும், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டுவதும் என் வேலை.

இந்த வருடம் ஆயுதத் தொழில்நுட்பப் பயிற்சிக்கு எங்கள் பகுதியிலிருந்து ஒருவரை அனுப்பலாம் என்று கடிதம் வந்தது. தகுதிகள் நான்கு. மூன்று என்னிடம் இருந்தன. நான்காவது, நிலையத்தின் ஆயுதசாலையில் உள்ள ஒவ்வொரு வகைத் துப்பாக்கியிலும் தேர்ச்சி. அந்த ஒவ்வொரு வகையில் இந்தப் பழைய எஸ்.எம்.ஜி.யும் ஒன்று. அதை யாரும் கடமைக்கு எடுத்துப் போவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் துடைத்து வெளியே எடுப்பார்கள். பார்த்தால் துப்பாக்கி என்றே தோன்றாது. மருந்தடிக்கிற பம்பின் குழாயில் யாரோ கைப்பிடி வைத்தது மாதிரி இருக்கும். தோட்டாக்களை அடைத்த மகசின் மற்றத் துப்பாக்கிகளில் கீழ்ப்பக்கம் தொங்கும். இதில் மட்டும் இடது பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

சுட்டு முடிந்த பிறகு, குண்டுச் சத்தத்துக்குக் காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்துக்கொண்டே சார்ஜனிடம் போனேன். அவர் ஹட்டன் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிறது. பெண்களை எல்லாம் மகள் என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன மகள், மொகத்த இப்பிடி வெச்சிக்கிட்டு?"

"அடைச்சிருச்சு சார்ஜன். ரெண்டு தரம்."

"அது கெழட்டுத் துவக்கு. அதுக்கும் பென்ஷன் வார வயசுதான். என்னப் போல." பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "இங்க பாருங்க. தோள்ல ஒம்பது. இந்த ரேஞ்சில இன்டைக்கு வேற யாருக்கும் ஒம்பது இல்ல. அந்த ஒம்பதையே ரெண்டு பக்கமும் எழுதினா யாரு கேக்கப் போற? இந்தச் சாமான இனி இடுப்புல வெச்சி யாரு சுடப் போற, சொல்லுங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மூன்று வருடமாக நான் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர். ஆனால் பழுது பார்த்த துப்பாக்கியை முதலில் சுட்டுப் பார்ப்பவர் ஆயுதசாலைக்காரர்தான். அவருடைய கையெழுத்தை நம்பித்தான் அடுத்தவர் அதைத் தூக்குகிறார். அந்த வேலைக்கு இப்படி ஒரு ஒன்பதோடு போக எனக்கு இஷ்டமில்லை.

"வேணாங்க சார்ஜன். பதினாறு நாள் இருக்கு. ஏன் அடைச்சிச்சுன்னு கண்டுபுடிக்கிறேன்."

"சரி, கண்டுபுடிங்க. கண்டுபுடிச்சா எனக்கும் சொல்லுங்க. முப்பது வருஷமா நானும் தேடுறன்."

அன்று மாலையே காரணங்களை ஒரு தாளில் எழுதினேன். துப்பாக்கி, தோட்டா, நான். தோட்டா ஒரே பெட்டியிலிருந்து வந்தது. தோழிக்கு வேலை செய்தது. துப்பாக்கியை மறுநாள் சார்ஜன் முன்னிலையில் கழற்றிப் பார்த்தேன். மகசின் செருகும் இடம் தேய்ந்து, மகசின் கொஞ்சம் ஆடியது. ஆனால் அந்த ஆட்டம் தோழிக்கும் இருந்ததுதானே. மிஞ்சியது மூன்றாவது.

அப்புறம் இடுப்பையும் தோளையும் ஒப்பிட்டு எழுதினேன். தோளில் வைத்தால் துப்பாக்கி உடம்பை நான்கு இடங்களில் தொடுகிறது: தோள், கன்னம், இரண்டு கைகள். கண் குறிமுனைக்குப் பின்னால் இருக்கிறது. இடுப்பில் வைத்தால் பின்கட்டையை முழங்கையும் விலாவும் சேர்ந்து இடுக்கிக்கொள்கின்றன, மற்றதெல்லாம் கைகள்தான். கண் இலக்கைப் பார்க்கிறது, துப்பாக்கியைப் பார்ப்பதே இல்லை. தோட்டா மண்மேட்டில் எங்கே விழுகிறது என்று பார்த்து அடுத்ததைத் திருத்திக்கொள்ள வேண்டும். காய்ந்த ஊரில் அது சரி, புழுதி எழும்பும். எங்கள் ரேஞ்சில் மண்மேடு எப்போதும் ஈரம். மூட்டம் இறங்கிவிட்டால் விழுந்த இடமும் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வகைத் துப்பாக்கியில் விசையை அழுத்தியதும் வெடிப்பதில்லை. உள்ளே கனத்த இரும்பு ஒன்று முன்னால் ஓடி மோதிய பிறகே வெடிக்கும். அந்தக் கண் இமைக்கிற நேரத்தில் குழல் கீழே குனிகிறது. தோளில் இருந்தால் உடம்பே அதைத் தாங்கிக்கொள்கிறது. இடுப்பில் இருந்தால் இடது கைதான் தாங்க வேண்டும். ஆக எல்லாம் இடது கையில் வந்து நின்றது. என் இடது கை அந்த நேரத்தில் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் சார்ஜன் வெறும் துப்பாக்கியோடு பயிற்சி செய்ய முற்றத்தில் இடம் கொடுத்தார். தோழி எனக்கு நேர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று போனில் படம் பிடித்தாள். அவள் குருநாகல் பக்கத்து வயல்காரர் வீட்டுப் பெண். நாங்கள் இரண்டு பேரும் சிங்களத்தில்தான் பேசுவோம்.

விடுதியில் தேநீர் குடித்துக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்தோம். தோளில் வைக்கும்போதெல்லாம் இடது கை ஒழுங்காகக் குழலின் மேலுறையைப் பிடிக்கிறது. இடுப்புக்குக் கொண்டுவந்ததும் முதலில் மேலுறையில்தான் இருக்கிறது. பிறகு, நான் விசையை அழுத்தும் முன்பு, தானாக வழுக்கிப் பின்னால் வந்து, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மகசினைக் கீழிருந்து ஏந்திக்கொள்கிறது. உள்ளங்கை மேலே பார்க்க, சுண்டுவிரல் மடங்கி.

"மகசினைப் பிடிக்காதே என்று முதல் பாடத்திலேயே சொன்னார்களே," என்றாள் தோழி. "அதைப் பிடித்தால் வளைந்து அடைத்துக்கொள்ளும் என்று. நீதானே எனக்கு அதை விளக்கிச் சொன்னாய்?"

"ஆமாம்."

"பிறகு ஏன் பிடித்தாய்?"

"நான் பிடிக்கவில்லை."

"அப்போது இது யாருடைய கை? பக்கத்து வீட்டுக்காரியுடையதா?"

நான் மறுபடி அந்தப் படத்தை ஓடவிட்டேன். மூன்றாவது முறை பார்க்கும்போது அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பள்ளியில் கடைசிப் பரீட்சையான ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலத்தில், எட்டு மாதம் நான் தோட்டத்தில் கொழுந்து வெட்டப் போனேன். ஆள் குறைந்த மலைகளில் விரலால் பறிப்பதற்குப் பதிலாகக் கத்தரி கொடுத்திருந்தார்கள். பெரிய வேலிக் கத்தரி மாதிரி இருக்கும். ஒரு அலகோடு ஒரு பெட்டி பொருத்தியிருக்கும், வெட்டிய கொழுந்து அதில் விழும். அதைப் பிடிப்பது இடுப்பு உயரத்தில். வலது கை திறந்து மூடும். இடது கை அசையாது, பெட்டியின் பாரத்தைக் கீழிருந்து ஏந்திக்கொண்டே இருக்கும். பெட்டி சாய்ந்தால் கொழுந்து கொட்டிவிடும், கணக்கப்பிள்ளை சத்தம் போடுவார். காலை ஏழரையிலிருந்து நாலரை வரை, எட்டு மாதம், அந்தக் கை அதைத்தான் கற்றுக்கொண்டது.

இடுப்பு உயரத்தில் கனமான ஒரு இரும்புச் சாமான், பக்கத்தில் நீட்டிக்கொண்டு ஒரு பெட்டி. என் கைக்கு அது துப்பாக்கி இல்லை. தோள் உயரத்தில் அதற்குப் பழைய பாடம் எதுவும் கிடையாது, அதனால்தான் அங்கே ஒன்பது.

தோழியிடம் சொன்னபோது தேநீர் மூக்கில் ஏறுகிற அளவுக்குச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதின்மூன்று நாள் மீதி இருந்தது.

மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் ஹட்டன், அங்கிருந்து டிக்கோயா, பிறகு நடை. தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தின் இஸ்தோப்பில், அந்த முன் திண்ணையில், சுவரில் ஆணியடித்து அம்மாவின் கத்தரி தொங்கியது. அம்மா இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. நான் கூரை வேலையில் மிஞ்சிய ஒரு ரீப்பர் மரத்துண்டை எடுத்து, துப்பாக்கியின் நீளத்துக்கு அறுத்து, இடது பக்கம் மகசினுக்குப் பதில் ஒரு கட்டையை ஆணியடித்தேன். அந்தக் கட்டையைச் சுற்றி முரட்டு உப்புத்தாளை ஒட்டினேன். கை அங்கே போனால் வலிக்கட்டும் என்று திட்டம்.

அடுத்த காம்பராவில் இருக்கும் அத்தை, ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாடி மருமகளே, ரீப்பருக்கு ட்ரில் சொல்லிக் குடுக்கிறியா?"

"பரீச்சைக்குப் பழகுறேங்க அத்தே."

"பரீச்சைக்குப் பொஸ்தகம்ல படிப்பாங்க? நீ என்னா கட்டையத் தூக்கிக்கிட்டு நிக்கிற? அதெ மொதல்ல உள்ளுக்குக் கொண்டு போ. எவனாச்சும் போட்டோ புடிச்சுப் போட்டான்னா, லயத்துல துவக்கு இருக்குன்னு ஒன்னோட பொலிசே வந்து நிக்கும்."

அது நியாயமான பேச்சு. உள்ளே போனேன். எங்கள் காம்பராவில் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் உண்டு. அங்கே நின்று இடுப்புக்குக் கொண்டுவந்து, விசையை அழுத்துவதாக விரலை மடக்கி, இறக்கினேன். இருபது முறைக்கு ஒரு கோடு என்று கலண்டரின் பின்பக்கம் குறித்தேன். முதல் நாள் பத்துக் கோடு. அதில் கை தப்பான இடத்துக்குப் போனது எண்ணி முடியவில்லை. உள்ளங்கை சிவந்து தோல் உரிந்ததுதான் மிச்சம். வலித்தபோதும் கை அங்கேதான் போனது. கத்தரி பிடித்த எட்டு மாதமும் அதற்கு வலிக்கத்தானே செய்தது.

அம்மா வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"அப்ப என் கத்தரிதான் ஒன்னயப் பெயிலாக்குச்சா?"

"கத்தரி இல்லம்மா, கை."

"கையி யாரு குடுத்தது? அதுவும் நாந்தான்." சிரித்துக்கொண்டே தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தார். எண்ணெய் தடவும்போது சிரிப்பு நின்றுவிட்டது. "ஏன்டி, அந்த மேசை வேலைக்கு என்னா கொறச்சல்? நெழல்ல ஒக்காந்து எழுதுற வேல. நம்ம பொம்பளைங்க வந்தா ஒன்கிட்டத்தான வாயத் தொறக்குறாங்க. மேல் டிவிசன்காரி என்னா சொன்னா தெரியுமா? ஒன் மக இருந்ததுனால சொன்னேன், இல்லாட்டி அழுதுபுட்டு வந்திருப்பேன்னா."

அந்தப் பெண் எனக்கும் நினைவிருக்கிறது. அவர் பேசி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

"அந்த மேசைக்கு இன்னொரு தமிழ்ப் பிள்ளையப் போடலாம்மா. போடணும். நான் அங்க இருக்கிற வரைக்கும் போட மாட்டாங்க."

"போடலைன்னா?"

"கேட்டு எழுதுவேன். போடுற வரைக்கும் எழுதுவேன். ஆனா தமிழ் தெரியுங்கிறது மட்டும்தான் எனக்குத் தெரிஞ்ச வேலைன்னு அவங்க நெனைக்கக் கூடாது. நான் ரெண்டு வருஷம் படிச்சது வேற."

அம்மா எண்ணெய்ப் போத்தலை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். ரொட்டிக்கு மா பிசையும் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

இரண்டாம் நாள் காலை அம்மா பெரட்டுக்குக் கிளம்பினார். ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த இடத்துக்கு லேட்டாகப் போனால் தூரத்து மலைதான் கிடைக்கும். ஆணியிலிருந்து கத்தரியை எடுத்து, வாசலில் நின்றபடியே இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் செய்வதுதான். அன்று நான் அந்த இடது கையை மட்டும் பார்த்தேன். அது தேடவே இல்லை. கைப்பிடியில் சைக்கிள் டியூப் ரப்பர் சுற்றிய ஒரு இடம் இருக்கிறது. விரல் நேராக அங்கே போய் உட்கார்ந்தது. மற்ற விரல்கள் அதன் பின்னால் வந்தன.

நான் என் திட்டத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தேன். போகக் கூடாத இடத்தைக் கைக்குக் காட்டிக்கொண்டிருந்தேன், போக வேண்டிய இடத்தைக் கொடுக்கவில்லை. துப்பாக்கியின் குழல் மேலுறையில் சூடு ஆறுவதற்கு வரிசையாகத் துளைகள் இருக்கும். முதல் துளை எங்கே வருகிறது என்று என் குறிப்பில் அளவு இருந்தது. ரீப்பரில் அதே இடத்தில் ஒரு குழி தோண்டினேன். உப்புத்தாளைக் கிழித்துப் போட்டேன். இப்போது ஒரே கட்டளை: ஆள்காட்டி விரல் குழிக்கு. மற்றதெல்லாம் அதன் பின்னால்.

அன்று பதினெட்டுக் கோடு. தப்பு நாற்பத்தொன்று. மூன்றாம் நாள் மத்தியானம் வரை பன்னிரண்டு கோடு. தப்பு ஒன்பது. ரீப்பரைப் பேப்பரில் சுற்றிப் பையின் அடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். விடுதியில் மீதி நாட்கள் காலையில் ஐந்து கோடு, மாலையில் ஐந்து கோடு. தோழி கட்டிலில் படுத்துக்கொண்டு தப்பை எண்ணுவாள். தப்பே வராத நாட்களில் அவளுக்கு அலுத்துவிடும். "இன்றைக்காவது ஒன்று விடு," என்பாள்.

மறுபரீட்சை அன்று மூட்டம். பலகை ஒரு சாம்பல் நிறக் கட்டமாகத் தெரிந்தது. மண்மேடு தெரியவே இல்லை. சார்ஜன் மகசினைக் கையில் கொடுத்தார்.

"கண்டுபுடிச்சீங்களா மகள்?"

"கண்டுபுடிச்சிட்டேன். சுட்டுட்டுச் சொல்றேன்."

இடுப்பிலிருந்து. பின்கட்டையை விலாவோடு இடுக்கினேன். ஆள்காட்டி விரல் துளையைத் தேடிப் போனது, குளிர்ந்த இரும்பின் விளிம்பு தட்டுப்பட்டது. முதல் இரண்டு தோட்டா. அடுத்த இரண்டு. ஐந்தாவதுக்கு முன்பு கை அசைந்தது. அது புறப்பட்டதை இந்த முறை நான் உணர்ந்தேன். விரல் துளையில் இருந்ததால் கை அதற்கு மேல் போகவில்லை. விசையை விட்டேன். ஒரு மூச்சு எடுத்து மறுபடி அழுத்தினேன். பத்தும் போய் முடிந்தன. ஒரு அடைப்பும் இல்லை.

தோளிலிருந்து. உள்ளே ஓடும் கனத்த இரும்பு கன்னத்தில் தட்டியது. பத்தும் போயின.

சார்ஜன் பலகைக்கு நடந்து போனார், நான் இரண்டடி பின்னால் போனேன். தோள் பலகையில் எட்டு. இடுப்புப் பலகையில் ஐந்து துளைகள் தெளிவாக இருந்தன. ஆறாவது பலகையின் வலது ஓரத்தைப் பாதி கிழித்துக்கொண்டு போயிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"ஓரம் கிழிஞ்சா பட்டதுதான். அது என்ட சட்டமில்ல, பொஸ்தகத்துலயே ஈக்கி," என்று நிமிர்ந்தார். "ஆறு. இப்ப சொல்லுங்க, என்ன கண்டுபுடிச்சீங்க?"

சொன்னேன். கத்தரியை எப்படிப் பிடிப்பது என்று வெறும் கையால் காட்டினேன். அவர் நான் சொன்ன மாதிரி தன் கையை இடுப்பில் வைத்துப் பார்த்தார்.

"போன தடவ தோட்டத்துப் பொடியன் ஒருத்தன், இடுப்புல பம்பு புடிச்சு மருந்தடிச்சவன். அவனுக்கும் இடுப்புல அடைச்சிச்சு. துவக்கு சரியில்லன்னு எழுதிட்டு விட்டுட்டன்," என்றார். பிறகு பதிவேட்டில் ஆறு என்று எழுதி, எட்டு என்று எழுதி, கையெழுத்து வைத்தார்.

இப்போதைய நிலை இது. பயிற்சிக்கு என் பெயர் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. முறைப்பாட்டு மேசைக்குத் தமிழ் தெரிந்த இன்னொரு பெண்ணைப் போடச் சொல்லி இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன், அதற்கும் பதில் வரவில்லை. மூன்றாவதை நாளைக்குக் கொடுக்கிறேன். அதுவரை காலையில் மேசையில் இருக்கிறேன். பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நாலு வரை ஆயுதசாலையில் சுத்தம் செய்யும் வேலைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. இடுப்பிலிருந்து ஆறு, தோளிலிருந்து எட்டு. ரீப்பர் கட்டிலுக்கடியில் இருக்கிறது.